நகம் சொத்தையா? முதலில் பெயர் தெரியட்டும்

மும்பையில் ஜூன் பிறந்துவிட்டால் ஸ்கூல் ஷூ காய்வதே இல்லை. நனைந்த சாக்ஸோடு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளையின் காலை, ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டும்போதுதான் நாம் சரியாகப் பார்க்கிறோம். பெருவிரல் நகம் மஞ்சளாக இருக்கிறது. உடனே தெருமுனை கெமிஸ்டிடம் போய், தெரிந்த இந்தியில் 'தாத்' என்கிறோம். அவரும் ஒரு ட்யூப் நீட்டுகிறார். வேலை முடிந்தது.

முடியலைங்க. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

நான் டாக்டர் இல்லை. இங்கே ஒரு லேபில் மைக்ரோபயாலஜி பிரிவில் வேலை. நகத்துண்டைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை தேடுவது என் தினசரி வேலைகளில் ஒன்று. செம்பூர், மாட்டுங்கா பக்கத்து நம்மூர்க்காரர்கள் ரிப்போர்ட் வாங்க வருவார்கள். 'பூஞ்சை தெரியவில்லை' என்று இருந்தால் முகம் வாடிவிடும். "அப்போ செலவு தண்டமா சார்?" என்பார்கள். தண்டமே இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

பெரியவர்களோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்கு நகப்பூஞ்சை வருவது அபூர்வம். நூறு பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இருக்காது. அவர்கள் நகம் வேகமாக வளர்ந்து, பூஞ்சை வேர்விடும் முன்பே வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. ஆகவே பிள்ளையின் நகம் விகாரமாக இருந்தால் அது வேறு ஏதோவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

என்னென்ன வேறு?

வெள்ளைப் புள்ளி: ஊரில் கொக்கு பறக்கும்போது நகத்தைக் காட்டிப் பூ கேட்போமே, அந்தப் பூதான். பெரும்பாலும் எங்கோ இடித்துக்கொண்டதன் அடையாளம். கால்சியம் டானிக் வேண்டாம், பூஞ்சை மருந்தும் வேண்டாம்.

நகம் அடியிலிருந்து பிரிந்து கழன்று வருவது: ஒன்றிரண்டு மாதம் முன்பு காய்ச்சலும், வாயில் புண்ணும், உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளமும் வந்ததா என்று யோசியுங்கள். அது கை-கால்-வாய் நோய். பிளே ஸ்கூல் முழுக்கப் பரவும். நகம் கழல்வது அதன் பின்விளைவு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் புது நகம் தானாக முளைக்கும்.

எல்லா நகமும் உப்புத்தாள் தேய்த்தது போல் சொரசொரப்பாவது: இதிலும் பெரும்பாலும் பூஞ்சை இல்லை. பல பிள்ளைகளுக்குச் சில வருடங்களில் தானே சரியாகும். ஊசியால் குத்தியது போல் குழிகள் இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். தோல் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நகச்சுத்தி: நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கித் தெறிக்கும். விரல் சூப்பும், நகம் கடிக்கும் பிள்ளைகளுக்கு அதிகம். திடீரென வருவது பெரும்பாலும் பாக்டீரியா வேலை. எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு காத்திருக்காதீர்கள். சீழ் கோத்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

அப்போ நிஜமான பூஞ்சை எப்படி இருக்கும்? பொதுவாக ஒன்றிரண்டு நகத்தில், அதிகமும் கால் பெருவிரலில், நுனியிலோ ஓரத்திலோ ஆரம்பித்து உள்ளே போகும். மஞ்சளோ வெள்ளையோ பூத்து, தடித்து, அடியில் மாவு மாதிரி உதிரும். இன்னொரு துப்பும் உண்டு: அப்பாவின் காலைப் பாருங்கள். ஆபீஸ் ஷூவுக்குள் வருடக்கணக்கில் வளர்த்த சேற்றுப்புண்ணும் சொத்தை நகமும் அங்கே இருக்கும். பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் பார்த்து, அப்பாவை விட்டுவைத்தால் அது திரும்பி வரும். ஒரே நகவெட்டியை வீடு முழுக்கப் பயன்படுத்துவதையும் நிறுத்துங்கள்.

இனி அந்த ட்யூப். கடையில் கேட்டதும் கிடைப்பதில் பல, பூஞ்சை மருந்தோடு ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த கலவை. தடவினால் சிவப்பும் அரிப்பும் இரண்டு நாளில் அடங்கும். 'ஆஹா, கைராசிக்கார கெமிஸ்ட்' என்போம். அடியில் பூஞ்சை சுகமாகப் பரவும், பிள்ளையின் தோல் மெலியும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. ஆனாலும் கவுண்டரில் கேட்டுப் பாருங்கள், தெரியும். சாதாரண மருந்துக்கு மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை நம் நாட்டில் பரவி, 2020-ல் அதற்கு 'ட்ரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இந்தக் கலவை ட்யூப்களுக்கும் அதில் பங்குண்டு என்று தோல் டாக்டர்கள் பலர் சொல்கிறார்கள். வாங்கும் முன் அட்டையைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று கண்டால் அது ஸ்டீராய்டு.

ஊரில் குடும்ப டாக்டர் இருந்தார், கேட்காமலே காலைத் திருப்பிப் பார்த்தார். வந்த ஊரில் அந்த இடத்தைக் கெமிஸ்ட் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்குப் போனில் காட்டினால் மஞ்சள் அரைத்துப் போடச் சொல்கிறார். மஞ்சள் பூசினாலும் மருதாணி வைத்தாலும் நகத்தின் நிறம் மாறி டாக்டருக்கே குழப்பம். பூஞ்சை மருந்து பூசிக்கொண்டே பரிசோதனைக்கு வந்தால் இருக்கும் பூஞ்சையும் எங்கள் கண்ணில் படாமல் போகலாம். ஆகவே முதலில் தோல் டாக்டர், பிறகு நகப் பரிசோதனை, கடைசியில்தான் மருந்து. கல்ச்சருக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். பொறுக்கலாம். ஒரே நகத்தில் கறுப்புக் கோடு புதிதாகத் தெரிந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

பூஞ்சை உறுதியானால் சில பிள்ளைகளுக்குப் பூசும் மருந்தே போதும். மாத்திரை என்றால், டெர்பினாஃபைன் கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம் என்பது வழக்கம். ஈரலைப் பாதிக்கக்கூடியது என்பதால் டாக்டர் ரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். இல்லாத பூஞ்சைக்கு இத்தனையும் ஒரு ஆறு வயதுப் பிள்ளை விழுங்க வேண்டுமா? 'பூஞ்சை இல்லை' என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு வரி மிச்சப்படுத்துவது அதைத்தான்.