கீரைக்கூடை ஏறும் ரயிலில் சைக்கிள் ஏறக் கூடாதா?

“ஆளுக்கே இடத்தைக் காணோம், இதுல சைக்கிள் வேறயா?”

சென்னை மின்சார ரயிலில் சைக்கிளைக் கொண்டுபோக வழி செய்யலாம் என்று யார் பேச்செடுத்தாலும் அடுத்த நொடி இந்தக் கேள்வி வந்து விழும். கேட்பவர்மேல் குற்றமில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம், மாலை ஆறரை மணிக்கு, ரங்கநாதன் தெருவில் வாங்கிய பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு மாம்பலத்தில் தாம்பரம் வண்டி ஏறியவருக்கு சைக்கிள் என்ற சொல்லே எரிச்சலைக் கிளப்பும். அந்தப் பெட்டியில் தன் கை எது, அடுத்தவர் கை எது என்றே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், மாம்பலத்தின் மாலை ஆறரை மணியை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லா ரயிலுக்கும் எல்லா நேரத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அதே நகரத்தில், லஸ் முனையை ஒட்டி நிற்கும் திருமயிலை நிலையத்துக்குக் காலை பதினொன்றரை மணிக்குப் போய்ப் பார்க்கலாம். பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 1997இல் திருமயிலைக்கு வந்தது. 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. பக்கிங்ஹாம் கால்வாயின் தலையில் தூண்களை நட்டுக் கட்டிய தடம் அது. பெருங்கூட்டம் வரும் என்று எதிர்பார்த்து நிலையங்களை அரண்மனை அளவுக்கு எழுப்பினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அலுவலக நேரம் முடிந்தபின் திருமயிலைக் கூடத்தில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டே ஆடலாம். வந்து நிற்கும் வண்டியில் ஒரு பெட்டிக்குப் பத்துப் பதினைந்து பேர், ஜன்னல் காற்றில் பாதித் தூக்கத்தில். இந்த வண்டியில் ஆளுக்கே இடமில்லை என்று சொல்லிப் பார்த்தால், தூங்குகிறவர்கூட எழுந்து சிரிப்பார்.

ஒரு சைக்கிள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மீட்டர் நீளம், கைப்பிடி அகலம் அறுபது சென்டிமீட்டர். சுவரோரமாகச் சாய்த்து நிறுத்தினால் நெரிசல் நேரத்தில் மூன்று நான்கு பேர் நிற்கும் இடத்தை அது எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கேட்பது அநியாயம். நடுப்பகலில் கேட்பதில் என்ன அநியாயம்?

இன்னொன்றும் உண்டு. புறநகர் ரயிலில் மனிதர் மட்டுமா ஏறுகிறார்கள்? கீரைக்கட்டு, பூமூட்டை, மீன் கூடை, பால் கேன் எல்லாம் ஏறுகின்றன. அதற்கென்றே வெண்டர் பெட்டி இருக்கிறது. மும்பையில் டப்பாவாலாக்கள் சோற்று டப்பாக்களை அடுக்கிய நீளப் பலகைகளைத் தலையில் சுமந்து லக்கேஜ் பெட்டியில் ஏறுவது உலகப் புகழ் பெற்ற காட்சி. பெட்டியின் ஒரு பகுதியை ஒரு தேவைக்கென்று ஒதுக்குவது ரயில்வேக்குப் புதிதே அல்ல; மகளிர் பெட்டி என்று எழுதி வைத்ததும் அப்படித்தான். எக்ஸ்பிரஸ் வண்டியில்கூட பார்சல் ஆபீஸில் பதிவு செய்தால் பிரேக் வேனில் சைக்கிள் ஏறிவிடும். டெல்லி வரை போகும் சைக்கிளுக்கு வழி உண்டு, மந்தைவெளியிலிருந்து தரமணி போகும் சைக்கிளுக்கு வழி இல்லை என்பது விசித்திரமான கணக்கு.

அடுத்த வாதம் பாதுகாப்பு. இதைத்தான் நின்று நிதானித்துப் பேச வேண்டும், ஏனென்றால் எதிர்ப்பவர்கள் சொல்வதில் மிகவும் கனமானது இதுவே.

நம் மின்சார ரயில்களில் பெரும்பாலானவற்றின் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. வண்டி ஒரு நிலையத்தில் நிற்பது அரை நிமிடம், கூடிப்போனால் கொஞ்சம் அதிகம். வாசலில் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஜூலை 24ஆம் தேதி சாட்சி: பரங்கிமலை நிலையத்தில் படியில் தொங்கியபடி வந்தவர்கள் நடைமேடைத் தடுப்புச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். அந்த வாசலில் ஒரு சைக்கிளையும் நிறுத்தினால்? இறங்குகிறவரின் வேட்டி பெடலில் மாட்டும், புடவை செயினில் சிக்கும், வண்டி பிரேக் போடும்போது சைக்கிள் உருண்டு ஒரு பாட்டியின் முழங்காலில் இடிக்கும். இவையெல்லாம் உண்மையான பயங்கள்.

ஆனால் இந்தப் பயங்களைக் கூர்ந்து பார்த்தால், அவை சைக்கிள் எங்கே நிற்கக் கூடாது என்பதைத்தான் சொல்கின்றன. வாசலில் நிற்கக் கூடாது. கட்டாமல் நிற்கக் கூடாது. எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் ஏறக் கூடாது. கூட்ட நேரத்தில் கூடவே கூடாது. இந்த நான்கு ‘கூடாது’களையும் எழுதி வைத்தால் அதுவே பாதுகாப்பு விதி.

சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே ஓடும் கால்ட்ரெயினில் 1990களின் தொடக்கத்திலிருந்தே சைக்கிளுக்குத் தனிப் பெட்டி உண்டு. சைக்கிள்களைத் தாங்கியோடு சாய்த்து ரப்பர் கயிற்றால் கட்டுகிறார்கள். இறங்கும் ஊர்ப் பெயரை எழுதிய சீட்டு ஒவ்வொரு சைக்கிளிலும் தொங்கும். முதலில் இறங்க வேண்டியது வெளிப்பக்கம் நிற்கும்படி அடுக்குவதற்காக. கல்யாணச் சமையல்காரர் பாத்திரம் அடுக்குகிற அதே மூளைதான் இதற்கும் வேண்டும். சென்னையிலும் கதவு நிலைமை மாறத் தொடங்கிவிட்டது. 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்துக்கு வந்த குளிர்சாதன மின்சார ரயிலில் கதவுகள் தாமாக மூடிக்கொள்கின்றன.

“அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர். நம்ம ஜனங்களுக்குச் சரிப்படாது” என்பது மூன்றாவது வாதம். இதற்குப் பதில் சொல்ல டென்மார்க் வரை போக வேண்டாம். ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போதும்.

கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் சைக்கிளை ரயிலுக்குள் கொண்டுவர அனுமதித்தது. முதலில் ஆறு நிலையங்களில் மட்டும். பிறகு எல்லா நிலையங்களிலும். கட்டணம் கிடையாது. வண்டியின் இரு முனைகளிலும் சைக்கிளை நிறுத்திக்கொள்ளலாம். நாக்பூர் மெட்ரோவும் அனுமதித்தது. மும்பையில் 2ஏ, 7 தடங்களின் வண்டிகளிலும் சைக்கிளுக்கு இடம் வைத்தார்கள். பெங்களூருவின் நம்ம மெட்ரோ 2021இல் மடக்கு சைக்கிளுக்கு மட்டும் பச்சைக்கொடி காட்டியது: கடைசிப் பெட்டி, உறை போட்டிருக்க வேண்டும், 15 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மெட்ரோ வேறு, புறநகர் ரயில் வேறு என்று ஒருவர் குறுக்கிடலாம். சரிதான், மெட்ரோவுக்குக் கதவும் லிஃப்டும் இருக்கின்றன. ஆனால் ‘நம்ம ஜனங்கள்’ என்பதற்கு அது பதிலாகாது. கொச்சியில் ஏறுகிறவர்களும் நம்ம ஜனங்கள்தான்.

பெங்களூரு விதியில் ஒரு குறை இருக்கிறது. சிங்கப்பூரிலும் இதே வழிதான்: மடக்கு சைக்கிளை முதலில் கூட்டமில்லாத நேரத்தில் மட்டும் சோதித்து, பிறகு 2017இல் நாள் முழுவதற்கும் விரித்தார்கள். மடக்கிய பிறகு 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே அளவு. நல்ல விதிதான், தொடங்குவதற்கு எளிதும்கூட. ஆனால் சென்னையில் மடக்கு சைக்கிள் யாரிடம் இருக்கிறது? டைடல் பார்க்கில் வேலை பார்க்கும் இளைஞரிடம் இருக்கலாம். தி. நகரில் ஏ.டி.எம். காவலுக்குப் போகிறவரிடமும், பெசன்ட் நகரில் நான்கு வீடுகளில் சமைக்கும் அம்மாவிடமும் இருப்பது கேரியர் வைத்த பழைய சைக்கிள். மடக்கு சைக்கிளுக்கு மட்டும் கதவைத் திறந்தால், வசதி உள்ளவருக்கு இன்னொரு வசதி செய்து கொடுத்ததாகத்தான் முடியும்.

இங்கே நான்காவது வாதம் நுழையும்: “இப்ப யார் சார் சைக்கிள் ஓட்டுறாங்க?”

ஒரு காலத்தில் ஓட்டினார்கள். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தின் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் வீட்டுக்கு வீடு நின்ற ஊர் இது. விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் மறித்து டயரில் காற்றை இறக்கிவிட்ட கதை ஐம்பது வயது தாண்டியவர் எல்லாரிடமும் இருக்கும். 1970இல் இந்நகரத்துப் பயணங்களில் நூற்றுக்கு இருபதளவு சைக்கிளில் நடந்ததாகவும், 2008இல் அது ஆறளவாகச் சுருங்கியதாகவும் போக்குவரத்து ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் காட்டித்தான் தேவையே இல்லை என்கிறார்கள். சுருங்கியது ஏன்? நகரம் நீண்டது. மயிலாப்பூரில் குடியிருந்து மயிலாப்பூரிலேயே வேலை பார்த்த காலம் போய், வேளச்சேரியிலும் பெருங்குடியிலும் குடியேறி பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போகும் காலம் வந்தது. அந்தப் பதினைந்தில் பன்னிரண்டை ரயில் ஏற்றுக்கொண்டால், மிச்சம் மூன்று சைக்கிளுக்கு ஏற்ற தூரம்.

அடையாற்றுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஊரின் நடுவே ரயில் நிலையம் கிடையாது; கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், கிரீன்வேஸ் சாலை என்று விளிம்புகளில்தான் பறக்கும் ரயில் நிற்கிறது. கஸ்தூர்பா நகரில் இறங்கி பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போக மூன்று கிலோமீட்டர்போல. நடக்க அலுப்பு, ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு ரயில் டிக்கெட்டைப்போலப் பல மடங்கு. டென்மார்க்கை வேண்டாம் என்று மேலே சொன்னாலும் ஒரு வரி சொல்லித்தான் ஆக வேண்டும்: கோபன்ஹேகன் புறநகர் ரயில் 2010இல் சைக்கிள் கட்டணத்தை எடுத்துவிட்டதும் சைக்கிளோடு ஏறுகிறவர் தொகை பல மடங்கு பெருகியது. அப்போதும் நெரிசல் மிகுந்த நோரபோர்ட் நிலையத்தில் மட்டும் அலுவலக நேரத்தில் சைக்கிளோடு ஏறி இறங்கத் தடை வைத்திருந்தார்கள். நம் ஊருக்கு மாம்பலம்தான் நோரபோர்ட்.

“சைக்கிளை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?” இதைக் கேட்பவர் பாதி வென்றுவிட்டார். நெதர்லாந்துக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். உட்ரெக்ட் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் கூடம் கட்டிவிட்டு, அலுவலக நேரத்தில் முழு சைக்கிளை ரயிலில் ஏற்றக் கூடாது என்று தடையும் போட்டிருக்கிறார்கள். சென்னையிலும் முதல் செலவு நிழலும் காவலும் உள்ள சைக்கிள் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் பெருங்குடி ஸ்டாண்டில் விட்ட சைக்கிள், கஸ்தூர்பா நகரில் இறங்கியவரின் மூன்று கிலோமீட்டருக்கு எப்படி உதவும்? மறுமுனைக்கு வாடகை சைக்கிள் என்றால், அது எடுக்கும் இடமும் விடும் இடமும் குறித்தபடிதான் இருக்கும். காய்கறி விற்கிறவருக்கும் பிளம்பருக்கும் தன் சைக்கிளே தன் கடை. சாமான் பை அதில்தான் தொங்குகிறது.

மாடிப்படி ஒரு தொல்லைதான், பறக்கும் ரயிலில் குறிப்பாக. படியோரமாக ஒரு சாணளவுக்கு சிமென்ட் சரிவு பூசினால் சைக்கிள் சக்கரம் அதில் உருண்டு ஏறும். மாம்பலத்திலிருந்து தி. நகர் பஸ் ஸ்டாண்டுக்கு 2023இல் திறந்த ஆகாய நடைபாதையில் லிஃப்டும் எஸ்கலேட்டரும் வைக்க முடிந்த நகரத்துக்கு ஒரு சரிவு பெரிய வேலை இல்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று 2014இலேயே கொள்கை வகுத்த மாநகராட்சி இது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் ரயிலில் அலுவலக நேரத்தில் சைக்கிளுக்குத் தடை இருந்தது. 2012 ஆகஸ்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தடையை எடுத்துப் பார்த்தார்கள். 2013 மார்ச்சில் ஒரு வாரம். ஜூலையில் சில மாதச் சோதனை. அதற்குப் பிறகே நிரந்தரம். முதல் பெட்டிக்குள் மட்டும் இன்றைக்கும் சைக்கிள் நுழையக் கூடாது.

தெற்கு ரயில்வே அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கடற்கரை–வேளச்சேரி தடம் ஒன்றில் மட்டும், வார நாட்களில் காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை, ஞாயிற்றுக்கிழமை முழுவதும், கடைசிப் பெட்டியின் வாசல் விட்டுத் தள்ளிய மூலையில் நான்கு சைக்கிளுக்கு மஞ்சள் கோடு போட்டு, கட்டிவைக்க நான்கு பட்டைகளும் தந்து ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். யாருக்காவது இடிந்ததா, வண்டி தாமதமானதா, எத்தனை பேர் சைக்கிளோடு வந்தார்கள் என்று எழுதி வைத்து, அந்தக் கணக்கை ஏழாவது மாதம் வெளியிடட்டும்.