விழித்திரை வந்து சாட்சி சொல்ல வேணுமா?

“உனக்கென்ன குறை? எழும்பிக் குளிச்சிட்டு வெளியில போயிட்டு வா, எல்லாம் சரியாகும்.” மனச்சோர்வில் இருக்கிற ஒருவருக்கு எங்கட வீடுகளில் கிடைக்கிற முதல் மருந்து இதுதான். இதற்குப் பதில் சொல்ல எங்கள் வயதுக்காரர்கள் இப்போது அறிவியலைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். மூளை ஸ்கானில் தெரியுது, கண்ணிலேயே தெரியுது, ஆகவே இது உண்மையான வருத்தம்தான் என்று. இந்த வாதம் எனக்கு இடிக்கிறது. ஆய்வுகள் பொய் என்பதால் இல்லை.

கண்ணில் தெரிவது பற்றி நல்ல ஆய்வே இருக்கிறது. ஜேர்மனியின் ஃப்ரைபேர்க் பல்கலைக்கழகத்தில் செய்து 2010இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வுள்ள 40 பேர், இல்லாத 40 பேர். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருகிற சதுரங்கக் கட்டங்களைத் திரையில் காட்டி, விழித்திரை எழுப்பும் மின் சமிக்ஞையை அளந்தார்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு கூடக்கூடச் சமிக்ஞையும் கூட வேண்டும். மனச்சோர்வுள்ளவர்களில் அது அவ்வளவாகக் கூடவில்லை. மருந்து எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரண்டு பகுதியினரிலும் அப்படித்தான். ‘உலகமே சாம்பல் நிறமாக் கிடக்கு’ என்பது வெறும் உவமை இல்லைப்போல.

ஆனால் இது சராசரிக் கணக்கு. அந்த 40 பேரில் எல்லாருடைய விழித்திரையும் ஒரே மாதிரிப் பேசவில்லை. அப்படியென்றால் சமிக்ஞை வழமையாக இருந்தவர் நடிக்கிறாரா? கண்ணைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரீனியா, பற்றிய ஆய்வு இன்னும் சுவாரசியம். ஒரு முகமூடியைத் திருப்பி, உட்குழிந்த பக்கத்தைப் பாருங்கோ. குழி என்று தெரிந்தாலும் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற முகமாகவே தெரியும். பிறந்ததிலிருந்து குழிந்த முகம் எதையும் காணாத மூளை, கண் அனுப்புகிற தகவலைத் தன் எதிர்பார்ப்பால் திருத்தி எழுதிவிடுகிறது. 2009இல் டனாய் டிமாவும் சகாக்களும் இப்படியான முப்பரிமாணப் படங்களை, ஸ்கானருக்குள் படுத்திருந்தவர்களுக்குக் காட்டினார்கள். நோயில்லாத 16 பேரும் ஏமாந்தார்கள். மனச்சிதைவுள்ள 13 பேருக்குக் குழி பெரும்பாலும் குழியாகவே தெரிந்தது. மற்றவர்களில், மூளையின் மேற்பகுதிகளிலிருந்து பார்வைப் பகுதிக்கு இறங்கிவருகிற தொடர்பு அந்த நேரம் வலுத்தது. இவர்களில் வலுக்கவில்லை.

இப்ப சொல்லுங்கோ, இல்லாததைக் கண்டது யார்? ‘விசர்’ என்று நாங்கள் ஒரே சொல்லில் தள்ளிவைக்கிற ஆள் உள்ளதைப் பார்க்கிறார். ‘சுகமான’ நாங்கள்தான் இல்லாத மூக்கைப் பார்க்கிறோம். இதை வைத்து நோயை ஒரு வரமாக்கிவிடவும் கூடாது. குரல்கள் கேட்டு நித்திரையில்லாமல் தவிக்கிறவருக்கு முகமூடியைச் சரியாகப் பார்ப்பதில் என்ன ஆறுதல்? எனக்கு இந்த ஆய்வு காட்டுவது ஒன்றுதான்: மூளை வேறு மாதிரி இயங்குகிறது என்றால் எல்லா இடத்திலும் பிழையாக இயங்குகிறது என்று அர்த்தமில்லை.

இன்னொரு விசயத்தையும் கவனிக்காமல் விடுகிறோம். ஃப்ரைபேர்க்கில் அந்த 40 பேரைத் திரைக்கு முன்னால் இருத்த முதலே, அவர்களுக்கு மனச்சோர்வு என்பது முடிவாகிவிட்டது. முடிவு செய்தது மெஷின் இல்லை. நித்திரை, பசி, ஆர்வம், சாக வேணும்போல வருகிற நினைப்பு என்று ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல, அதில் வந்த முடிவு. மெஷின் சரியா பிழையா என்று பார்ப்பதே அந்தப் பேச்சோடு ஒப்பிட்டுத்தான். அந்த வாய்ச்சொல்லை நம்பாமல் மெஷினை மட்டும் நம்புவது என்ன கணக்கு?

டொக்டர்மார் சில வேளை ஸ்கான் எடுக்கச் சொல்வதுண்டு. மூளையில் கட்டி, காயம் ஏதும் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் பெரும்பாலும். ரிப்போர்ட் நோர்மல் என்று வந்தவுடன், “பாத்தியா, உனக்கு ஒண்டுமில்லை” என்று வீட்டில் கதையை முடித்துவிடுகிறார்கள். கட்டி இல்லை என்று மட்டும்தான் அந்தத் தாளில் இருக்கிறது.