நாய்க்கடியும் சங்கத்தின் கடமையும்

நூல் விலை, கூலி விகிதம், உரம், கடன் தவணை ஆகியவற்றைப் பற்றிப் பேசுதற்குரிய இப்பக்கத்தில் நாய்க்கடியைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். பொழுது புலருமுன் தெருவில் பாவு நீட்டும் நெசவாளரும், மின்சாரம் வரும் வேளை பார்த்து நள்ளிரவில் வரப்பின்மேல் நடக்கும் விவசாயியும், பால் ஊற்றுவதற்கு இருட்டில் புறப்படும் பெண்டிரும் தெருநாயை எதிர்ப்படாத நாள் அரிது. கடிபட்டவர் செய்யத்தக்கது இன்னதென்பதை நம்மிற் பலர் ஓரளவு கேள்வியுற்றே இருக்கிறோம். கேள்வியுற்றும் பாதியில் கைவிட்டு விடுகிறோம். இதற்கு அறியாமை மட்டுமன்று, அன்றாடக் கூலியும் ஒரு காரணம் என்பது நமது கருத்து.

வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டபின் அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. தண்ணீரைக் கண்டு நடுங்கும் நிலையை எய்தியவர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால், கடித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று மாத அவகாசம் உண்டு. சில வேளை ஒரு வாரமே இருப்பதும் உண்டாதலால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருத்தல் தகாது. நாயின் உமிழ்நீரிலுள்ள வைரஸ் என்னும் கிருமி காயத்தின் வழியே நரம்பைப் பற்றி மூளையை நோக்கி மெல்ல ஊர்ந்து செல்கிறது. அது போய்ச் சேருமுன் அதனை அழித்துவிடுவதே வைத்தியம்.

இவ்வைத்தியம் ஆஸ்பத்திரியில் அன்று, வீட்டுக் குழாயடியிலேயே தொடங்குகிறது. இக்கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதனைக் குலைத்துவிடும். ஓடும் நீரில், துணி துவைக்கும் சோப்பாயினும் சரி, காயத்தை 15 நிமிஷம் கழுவவேண்டும். 15 நிமிஷம் என்பது சொல்லுதற்குச் சிறிது. குழந்தை வீறிட்டு அழும்போது மிக நீண்டதாகத் தோன்றும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்தே கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மண்ணெண்ணெய் இவற்றை அப்புவது புண்ணைக் கெடுப்பதன்றிக் கிருமியை ஒன்றும் செய்யாது. மந்திரிப்பதில் நம்பிக்கையுள்ளவர் ஊசி போட்டுக்கொண்டு வந்தபின் தாராளமாக மந்திரித்துக்கொள்ளட்டும். அதில் நமக்கு வழக்கு இல்லை.

அன்றைய தினமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவேண்டும். முதியோர் சிலர் வயிற்றில் 14 ஊசி என்று இன்றும் அஞ்சுவது வீணன்று. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. பிற்காலத்தில் நெடுநாள் வரை, ஆட்டின் மூளையிலிருந்து எடுத்த மருந்தை வயிற்றில் நாள்தோறும் செலுத்தி வந்தார்கள். அம்மருந்து நம் நாட்டில் 2005-க்குள் அறவே கைவிடப்பட்டது. இப்போது போடுவது புயத்தில். தோலினுள் போடும் முறையில், முதல் நாளைச் சுழியாகக் கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நான்கு நாட்கள். தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து. அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

இரத்தம் வரக் கடித்திருந்தால் இத்தடுப்பூசி மட்டும் போதாது. அது உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளியைக் காக்கும் பொருட்டு, இம்யூனோகுளோபுலின் என்ற மற்றொரு மருந்தைக் காயத்தினுள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துவார்கள். இதனைக் கேட்டுப் பெறவேண்டும். அருகிலுள்ள நிலையத்தில் இல்லையெனில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

நாயை உடனே அடித்துக் கொன்றுவிடும் வழக்கமும், ஊசியை மறந்து நாய்க்குடையவரின் வாசலில் நின்று பூசலிடும் வழக்கமும் நம்மவரிடம் உண்டு. அடையாளம் தெரிந்த நாயாயின் அதனைப் பத்து நாள் பார்த்திருப்பதே பயன் தரும். அது நலமாக இருந்தால் மேற்கொண்டு செய்யத்தக்கதை வைத்தியர் சொல்வார். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிவைக்கலாகாது.

கறவை வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. வெறிநாய் கடித்த மாட்டுக்கும் இந்நோய் வரும். மாடு விழுங்கமாட்டாமல் எச்சில் ஒழுக்கும்போது, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று கருதி வெறுங்கையை வாயினுள் விடுபவர்கள் உண்டு. அவர்களும் நாய்க்கடிபட்டவர்களைப் போலவே வைத்தியத்துக்குரியவர்கள். கடிபட்ட மாட்டைத் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. அதன் பாலைக் காய்ச்சாமல் யாரும் பருகலாகாது.

மருந்து இலவசம் என்பதனால் வைத்தியமும் இலவசமாகிவிடுமா? ஆகாது. ஒவ்வொரு ஊசிக்கும் பஸ் கட்டணம் உண்டு. வரிசையில் நிற்கும் பொழுதில் தறி நின்றுவிடுகிறது. முதல் நாள் பயம் இருக்கிறது, செல்கிறார்கள். மூன்றாம் நாளும் செல்கிறார்கள். ஏழாம் நாள் சேலை ஒப்படைக்கும் நாளாக அமைந்துவிட்டால் சேலைதான் முந்துகிறது. 28-ஆம் நாளோ புண் ஆறித் தழும்பும் மங்கிவிட்டிருக்கும், கடித்ததே மறந்துபோகும். குழந்தைகளின் நிலை இன்னும் மோசம். அடி விழும் என்று அஞ்சிக் கடித்ததையே மறைத்துவிடுகிறார்கள். உலகில் இந்நோய்க்கு இரையாவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

நூல் கொடுக்கவும் சரக்கு வாங்கவும் தேதி குறித்து வைக்கும் சங்கத்துக்கு இத்தேதிகளைக் குறித்து வைப்பது பாரமா? கடிபட்ட அங்கத்தினரின் பாஸ் புத்தகத்திலேயே ஊசி நாட்களை எழுதி, அவர் சங்கத்துக்கு வரும்போதெல்லாம் குமாஸ்தா கேட்கலாம். ஊசி நாளின் காரணமாகச் சரக்கு ஒரு நாள் பிந்தினால் பிடித்தம் கூடாதென்று நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றலாம். பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து, துணைவிதிகள் இடமளிக்கும் வரை, போக்குவரத்துச் செலவையும் அரை நாள் கூலியையும் கொடுக்கலாம். இவையெல்லாம் எத்தனை ரூபாய் ஆகும்? ஆண்டு விழாவின் பந்தல் செலவிலும் குறைவாகவே இருக்கும் என்று கருதுகிறோம். தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து தடுப்பூசி போடுமாறு ஊராட்சிக்குச் சங்கத்தின் பெயரால் ஒரு மனு எழுதுவதற்கோ தபால் செலவு மட்டுமே.

அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு தலைவரையும் காரியதரிசியையும் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: சங்கக் கட்டிடத்துக் குழாயடியில் ஒரு சோப்புக் கட்டியை வாங்கி வைப்பது.