உப்பும் சருக்கரையும் உரைக்கும் உண்மை

வேதியியலைத் தமிழிற் கற்பிக்க இயலாது, அதற்குரிய சொற்கள் தமிழில் இல்லை என்பார் இன்றும் உளர். அவர்தம் கூற்றின் வலிமையை அடுக்களையில் உள்ள உப்பையும் சருக்கரையையும் கொண்டே அளந்து விடலாம்.

உப்பு உருவாகுங்கால் சோடியம் அணு தன் புறக்கூட்டிலுள்ள ஓர் எதிர்மின்னியைக் குளோரின் அணுவுக்கு ஈந்து விடுகிறது. ஈந்தது நேர்மின்னேற்றமும் ஏற்றது எதிர்மின்னேற்றமும் அடைகின்றன. அடைந்து ஒன்றையொன்று ஈர்க்கின்றன. பள்ளி நூல்கள் அயனிப் பிணைப்பு என்னும் மின்னீர்ப்புப் பிணைப்பு இதுவே. இவ்வீர்ப்பு ஒரு திசைக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு சோடியத்தையும் சூழ்ந்து ஆறு குளோரின். ஒவ்வொரு குளோரினையும் சூழ்ந்து ஆறு சோடியம். இவற்றுள் எதற்கு எது இணை? உப்புப் படிகத்தில் தனி மூலக்கூறு என்பதே இல்லை. அவ்வடுக்கைக் குலைத்து உருக்க 801 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும்.

சருக்கரையிலோ ஈதலும் இல்லை, ஏற்றலும் இல்லை. 12 கரியணுக்களும் 22 நீர்வளி அணுக்களும் 11 உயிர்வளி அணுக்களும் எதிர்மின்னி இணைகளைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டு ஒரு மூலக்கூறாய் நிற்கின்றன. இது பகிர்பிணைப்பு. சருக்கரை நீரிற் கரைகையில் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டொன்று விலகுமேயன்றி, மூலக்கூறு சிதைவதில்லை. ஆதலின் அக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தாது. உப்புக் கரைசலில் மின்னேற்றம் பெற்ற அணுக்கள் பிரிந்து இயங்குதலால் அது கடத்தும். இதனால் பகிர்பிணைப்பு வலிவற்றது என்று கருதுவாரும் பிழைபடுவர். வைரத்தின் உறுதி முழுவதும் பகிர்பிணைப்பின் உறுதியே!

இவ்விளக்கத்தில் தமிழ் எவ்விடத்தில் தடுமாறிற்று?

ஆங்கிலம் இச்சொற்களோடு பிறந்த மொழியோ? அன்று. 'அயான்' என்பது 1834இல் பாரடே கிரேக்கத்தினின்று எடுத்தாண்ட சொல். எதிர்மின்னியை ஈந்து ஏற்கும் முறையைச் செருமானிய அறிஞர் கோசலும், பகிரும் முறையை அமெரிக்க அறிஞர் இலூயிசும் 1916இல் விளக்கினர். 'கோவேலன்சு' என்னும் சொல்லை இலாங்மூர் ஆக்கியது 1919இல். பொருள் முன்னர்த் தோன்றிற்று. சொல் பின்னர் ஆக்கப்பட்டது. ஆங்கிலத்தார் ஆக்கிக்கொண்டதைத் தமிழர் ஆக்கிக்கொள்ளல் மட்டும் எங்ஙனம் குற்றமாகும்?

இன்னும் ஒன்று. உப்பின் அடுக்கமைப்பை உலோரன்சு பிராகு 1913இல் ஊடுகதிர் கொண்டு கண்டறிந்தார். அதன் பின்னரும், 1927இல், ஆம்சுற்றாங்கு என்னும் ஆங்கில வேதியியலார் 'நேச்சர்' இதழில் அதனை எள்ளி எழுதினார். உப்பில் மூலக்கூறு இல்லை என்பதை அவர் அறிவு ஏற்கவில்லை. ஆங்கிலமே தாய்மொழியாய் வாய்த்த அறிஞரையும் அம்மொழி பிழையினின்று காக்கவில்லை. எனில், பொருள் விளங்காது ஆங்கிலத்தில் உருப்போட்டு, உப்பு மூலக்கூறு என்று விடைத்தாளில் எழுதும் தமிழ்ச் சிறுவனை அது காப்பது யாங்ஙனம்?

பள்ளி நூல்களில் வழங்கும் 'சகப்பிணைப்பு' அரைத்தமிழ். முன்னிற்கும் வடசொல் மாணவனுக்கு ஒன்றும் உரைப்பதில்லை. பகிர்பிணைப்பு என்று சொல்லுங்கள். பெயரைக் கேட்ட அளவிலேயே பாதிப் பாடம் விளங்கிவிடும். ஈந்து பிணைவது ஒன்று, பகிர்ந்து பிணைவது மற்றொன்று என உணர்ந்த சிறுவன், உப்பில் மூலக்கூறைத் தேடான்.

இல்லாமை மொழியில் இல்லை. ஆள்வார் நெஞ்சில் உளது. அதனைக் களைக!