வீட்டுச் சண்டையும் விகடமும்

"பெற்ற தகப்பனையும் சித்தப்பனையும் கதையில் இழுத்து ஊர் சிரிக்க வைத்திருக்கிறீரே, இது அடுக்குமா?" என்று ஓர் அன்பர் எனக்கு எழுதியிருக்கிறார். குடும்பம் ஒரு கோயிலாம். கைகூப்பித்தான் பேச வேண்டுமாம்.

சரி, கோயிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஊர் விராலிமலை. மலைமேல் ஆறுமுகன், இரண்டு மனைவிகளோடு. ஒரு பழத்துக்காக வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு போன பிள்ளை அவர். வெள்ளத்தில் தவித்த கருப்பமுத்துப் பிள்ளைக்கு வழித்துணையாக வந்து சுருட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது ஊர்க் கதை. அவருக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. இந்தக் கோயிலுக்கென்றே ஒரு குறவஞ்சியும் உண்டு. அதை ஆடிய சதிர் மரபின் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ வழங்கினார்கள். குறவஞ்சி என்றால் என்ன? ஊர் சுற்றிக் குறி சொல்லிவிட்டு நகையோடு வருகிற சிங்கியைச் சிங்கன் மடக்கி, இது யார் கொடுத்தது, அது ஏது என்று குடைவான். சந்தேகப் புருஷன்! அவளும் சளைக்காமல் எகத்தாளமாகப் பதில் சொல்வாள். பள்ளு நூல்களில் மூத்தாளும் இளையாளும் ஏசிக்கொள்வது இன்னும் ரகளை. சாமி முன்னால் சிரித்த ஜனங்களுக்கு இப்போது என்ன வந்தது? மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொள்ளும் டெலிவிஷன் தொடரை அழுதுகொண்டே பார்க்கலாமாம். சிரித்தால் மட்டும் குற்றம்!

எங்கள் வீட்டில் ஒரு வெண்கல அண்டாவுக்காக அப்பாவும் சித்தப்பாவும் முப்பது வருஷமாகப் பேசுவதில்லை. ஒரே கூடம், ஒரே கிணறு. "மோட்டாரை நிறுத்தச் சொல்லுடா அவனை" என்பார் அப்பா. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏழு வயதிலேயே தபால்காரன் உத்தியோகம். ராத்திரியில் தூக்கம் வராது.

பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன், அவன் வீடும் இதே லட்சணம்தான், விடியற்காலையில் மலையைச் சுற்றி ஓட என்னை இழுத்துப் போனான். இரைக்க இரைக்க ஓடுகிறவன் கௌரவம் பார்த்துப் பேச முடியாது. வீட்டில் நடந்ததெல்லாம் தானாக வெளியே வந்தது. ஒரு நாள் ஓடிக்கொண்டே அப்பா மாதிரியும் சித்தப்பா மாதிரியும் மாறி மாறிப் பேசிக் காட்டினான். அவனை அறையலாம்போல் இருந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பாறைமேல் ஒரு மயில் அகவியது. "உங்க அத்தையும் வந்தாச்சு" என்றான். பாதையோரம் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்குத் தூங்கினேன்.

பிற்பாடு நூலகத்தில் செகாவ் கிடைத்தார். அடித்து வளர்த்த தகப்பனார், 1876-இல் கடனுக்குப் பயந்து மாஸ்கோவுக்கு ஓடியவர். மூன்று வருஷம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்த மகன் வைத்தியம் படித்துக்கொண்டே பத்திரிகைகளுக்கு விகடம் எழுதி, அந்தக் குடும்பத்துக்கே சோறு போட்டார். பின்னாளில் மெலிகோவோவில் பண்ணை வாங்கியபோது அதே தகப்பனாரைக் கூட வைத்துக்கொண்டார். கைகூப்பச் சொல்லும் அன்பர் இதைவிட என்ன செய்திருப்பார்?

அடிபடுகிறவளைக் காட்டிச் சிரிக்க வைக்கும் சினிமா ஹாஸ்யத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது அடிக்கிறவன் சிரிப்பு. நான் கேட்பது அடிபட்டவன் சிரிக்கும் உரிமையை. அதையும் பிடுங்கிக்கொண்டு, "வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது" என்றால், லாபம் யாருக்கு?

அந்தக் கதை அச்சில் வந்ததும் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "அண்டா வெண்கலமில்லை, பித்தளை" என்றார். பிறகு பத்திரிகையை நீட்டி, "அவன்கிட்டக் கொடு" என்றார்.

மூன்றடிதான். கொண்டுபோய்க் கொடுத்தேன்.