டீசல்ல ஓடற ரெட்டை எஞ்சின் விமானம்: மைலேஜ் சரி, மிச்சம் யாருக்கு?

"தம்பி ப்ளஸ் டூ முடிச்சிட்டான், பைலட் ஆகணும்ங்கறான். நான் பெங்களூர்ல வேலை பார்க்கிறேன். பர்சனல் லோன் போட்டுச் சேர்த்துவிடலாமா? அந்த ஸ்கூல்ல டீசல்ல ஓடற ரெட்டை எஞ்சின் விமானம் இருக்காம், செலவு ரொம்பக் கம்மின்னு சொல்றாங்க." தேனி, கம்பம், போடி பக்கத்து வீடுகள்ல இருந்து இந்த மாதிரி கேள்வி இப்போ அடிக்கடி வருது. பின்னாலேயே இன்னொரு கேள்வியும் வரும்: "தோட்டத்தை வித்துடலாமா?"

அந்த விமானத்தைப் பத்தி முதல்ல பேசிடுவோம். ஏன்னா விற்பனைப் பேச்சே அதை வச்சுத்தான் நடக்குது.

ஆஸ்திரியாவின் டயமண்ட் நிறுவனம் செய்யும் டிஏ42 விமானத்தைத்தான் சொல்றாங்க. 2002 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 2004ல் கனடாவின் செயின்ட் ஜான்ஸில் கிளம்பி, எங்கும் நிற்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டி போர்ச்சுகலில் போய் இறங்கியது. எஞ்சினுக்கு அடிப்படை மெர்சிடிஸ் பென்ஸ் காரின் டீசல் எஞ்சின். டீசல் எஞ்சின்னதும் பெட்ரோல் பங்க்ல கேன் தூக்கிட்டு நிப்பாங்கன்னு நினைக்காதீங்க. பெரிய ஜெட் விமானங்களுக்கு ஊத்துற அதே ஜெட் ஏ1தான் இதுக்கும் போடறாங்க. மதுரை விமான நிலையத்தில்கூட அது கிடைக்கும்.

பைப்பர் செனெகா மாதிரி பழைய ரெட்டை எஞ்சின் விமானங்களுக்கு அவ்காஸ் என்ற ஈயம் கலந்த விமான பெட்ரோல் வேணும். நம்ம நாட்டில் அது வெகுகாலம் இறக்குமதிதான். 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் வதோதரா ஆலையில் தயாரித்து அறிமுகப்படுத்தியது. எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் அதிகம். அதனால மகாராஷ்டிராவின் கோண்டியா உட்பட பல பயிற்சிப் பள்ளிகள் டிஏ42 வாங்கினதில் நியாயம் இருக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே வர்ற ரூபாய் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நான் வச்சுக்கிட்ட தொகைகள், எந்தப் பள்ளியோட விலைப்பட்டியலும் இல்லை. டீசல் விமானம் மணிக்கு 45 லிட்டர், லிட்டர் 110 ரூபாய்: எரிபொருள் 4,950. பெட்ரோல் விமானம் 75 லிட்டர், லிட்டர் 200 ரூபாய்: 15,000. மணிக்குப் பத்தாயிரம் மிச்சம்! பிரோஷர் இங்கேயே நின்னுடும். ஆடிட்டர் அங்கே நிற்க முடியாது.

டீசல் எஞ்சினை ஒரு குறிப்பிட்ட மணி நேரம் ஓடினதும் பெரும்பாலும் கழட்டி மாத்தணும். ஒரு எஞ்சின் 60 லட்சம், ஆயுள் 1,800 மணி நேரம்னு வச்சா, ரெண்டு எஞ்சினுக்கும் சேர்த்து மணிக்கு 6,667 ரூபாய் தனியா எடுத்து வைக்கணும். பெட்ரோல் எஞ்சினைப் பிரிச்சு மறுபடி கட்டலாம். 30 லட்சம், 2,000 மணி நேரம்னா ரெண்டுக்கும் மணிக்கு 3,000. ஆக டீசலுக்கு 11,617, பெட்ரோலுக்கு 18,000. உண்மையான மிச்சம் 6,383.

இன்னும் முடியல. புது டீசல் விமானம் பழைய செனெகாவை விட நாலு கோடி கூடுதல்னு வைங்க. 10 சதவீதம் வட்டின்னா வருஷத்துக்கு 40 லட்சம். அதை அந்த 6,383ல இருந்து எடுக்கணும்னா வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 627 மணி நேரம் விமானம் பறக்கணும். நாள் முழுக்க மாணவர்களை ஏத்தி இறக்கற பள்ளிக்கு இது லாபம். வருஷத்துக்கு நூறு மணி நேரம் பறக்கிற பணக்காரருக்கு வட்டி கட்டவே பத்தாது. கம்பத்தில் இருந்து மலைமேல ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் டிரைவர்கிட்ட கேட்டுப் பாருங்க, இதையே ஒரு வரியில சொல்வார்: ஓட்டம் இருந்தாத்தான் டீசல். (ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கிற காருக்கு டீசல் மாடல் தேடறவங்களும் இதைக் கவனிங்க.)

இன்னொரு செலவு எந்தக் கணக்கிலும் வராது. முதல் டிஏ42களுக்கு எஞ்சின் கொடுத்தது ஜெர்மனியின் தீலர்ட் நிறுவனம். 2008 ஏப்ரலில் அது திவாலானது. உத்தரவாதம் எல்லாம் காகிதமாச்சு, உதிரிபாக விலை ஏறியது, வாங்கினவங்க மாட்டிக்கிட்டாங்க. கடைசியில் டயமண்டே ஆஸ்ட்ரோ என்று சொந்தமா எஞ்சின் நிறுவனம் வச்சு, ஏஇ300 எஞ்சினைக் கொண்டு வந்துதான் பிழைத்தது. அதுக்கு முந்தின வருஷம், 2007ல், ஜெர்மனியின் ஸ்பையரில் ஒரு டிஏ42 பேட்டரி இறங்கியிருந்ததால் வெளி மின்சாரத்தில் ஸ்டார்ட் செய்து கிளம்பியது. சக்கரத்தை உள்ளே இழுத்த நொடியில் மின்னழுத்தம் விழுந்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்கள் ஓய, ரெண்டு எஞ்சினும் நின்னுபோச்சு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னுதானே ரெட்டை எஞ்சின்? வருமானத்துக்கு ரெண்டு வழி இருந்தும் ரெண்டும் ஒரே கம்பெனியை நம்பி இருக்கிற குடும்பம் எனக்கு ஞாபகம் வருது.

இப்போ நம்ம தம்பி கதை. கமர்ஷியல் லைசென்ஸுக்கு மொத்தம் 200 மணி நேரம் பறக்கணும். அதுல பெரும்பகுதி ஒற்றை எஞ்சின் விமானத்தில்தான். ரெட்டை எஞ்சின் வழக்கமா சுமார் 15 மணி நேரம். அந்த மிச்சம் முழுவதையும் பள்ளி உங்களுக்கே கொடுத்தாலும் 15 பெருக்கல் 6,383, ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. 50 லட்சம் செலவில் அது 2 சதவீதம்கூட இல்லை.

அதே 50 லட்சத்துக்கு 10.5 சதவீத வட்டி வருஷத்துக்கு 5.25 லட்சம். அந்த ஒரே ஒரு ரெட்டை எஞ்சின் விமானம் உதிரிபாகம் வராம மூணு மாசம் கொட்டகையில் நின்னா, உங்க பக்கம் 1.31 லட்சம் வட்டி ஓடிடும். மைலேஜில் மிச்சம் பிடிச்சதும் போச்சு, மேற்கொண்டும் போச்சு. அதனால எஞ்சின் டீசலா பெட்ரோலாங்கறது பள்ளிக்காரர் கவலை. உங்க கவலை, எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கு, சேர்ந்தவங்க எத்தனை மாசத்தில் 200 மணி முடிச்சாங்க என்பதுதான். டிஜிசிஏ 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. முதல் ரெண்டு தரத்தில் ஒரு பள்ளிகூட வரலை. அந்தப் பட்டியலைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கிளாஸ் 1 மருத்துவத் தகுதி கிடைக்கும்னு தெரியாமலும் கொடுக்காதீங்க.

பர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். கல்விக்கடன் வட்டிக்கு 80இ-ன்னு நாம சொல்ற வரிச்சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான், அதுவும் தனக்கோ, கணவன் மனைவிக்கோ, பிள்ளைக்கோ, சட்டப்படி நீங்க காப்பாளரா இருக்கிற மாணவருக்கோ வாங்கின கல்விக்கடனுக்குத்தான். அண்ணன் தம்பிக்காகக் கட்டினா ஒரு பைசா கழிக்க முடியாது. சட்டத்துக்கு நம்ம ஊர் அண்ணன்களைத் தெரியாது! கடன் தம்பி பெயரிலேயே இருக்கட்டும். 50 லட்சம், 10.5 சதவீதம், பத்து வருஷம்னா இஎம்ஐ சுமார் 67,500. லைசென்ஸ் வாங்கியும் வேலை வர ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் இதை யார் கட்டுறதுன்னு வீட்ல உட்கார்ந்து பேசி எழுதி வைங்க. ஏர்லைனில் சேர டைப் ரேட்டிங்குக்குத் தனியா பல லட்சம் ஆகும், அதையும் சேர்த்து.

தோட்டம் விக்கிறதா இருந்தா ஒரு விஷயம். கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாதுன்னு எல்லாரும் சொல்வாங்க. கம்பம், போடி, தேனி அல்லிநகரம் எல்லாம் நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல, ஒரு லட்சத்துக்குள். அப்படிப்பட்ட நகராட்சி எல்லையில் இருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்குள் இருக்கிற நிலத்துக்கு அந்த விலக்கு கிடையாது, திராட்சை கொடி படர்ந்திருந்தாலும் சரி. பத்திரம் போடறதுக்கு முன்னாடியே தூரத்தை அளந்து சான்று வாங்கிடுங்க. பள்ளிக்காரர் ஃபீஸ் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தாலும் காரணம் கேளுங்க. டிஜிசிஏ அங்கீகரித்த பறக்கும் பயிற்சிக்கு வரி விலக்குன்னு ஜிஎஸ்டி கவுன்சில் 2024 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திடுச்சு. கூடவே அந்த 15 மணி நேரம் ஃபீஸுக்குள்ளேயா தனியா, விமானம் நின்னுபோனா பணம் திரும்ப வருமான்னு எழுத்தில் கேட்டு வாங்குங்க.