தொழிலாளியின் கால்

நம் தோட்டங்களில் கால்வலியை ஒரு நோயாகக் கருதுவாரில்லை. காய்ச்சல் என்றால் உடம்பு சுடுகிறது. உளி பட்டால் இரத்தம் தெரிகிறது. குதிகால் வலிக்கோ அப்படிப்பட்ட சாட்சி எதுவும் கிடையாது. ஆகவே நொண்டிக்கொண்டு பெரட்டுக்கு வருகிறவரைப் பார்த்து, "வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார்" என்று மேலே உள்ளவர்கள் சொல்வதும், "வயதானால் அப்படித்தான்" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வதும் வழக்கமாகிவிட்டன. இரண்டு பேச்சும் தவறு என்பதே நமது கருத்து.

பால்மரம் வெட்டுவோரின் வேலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். விடியுமுன் காட்டிற்குள் நுழைந்து ஐந்நூறு, அறுநூறு மரங்கள் கொண்ட நிரையை முடிக்கவேண்டும். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, குனிந்து, அடிமேல் அடி வைத்துச் சுற்றி வந்து வெட்டவேண்டும். பிறகு அதே மரங்களுக்குத் திரும்பிப் போய்ப் பால் எடுக்கவேண்டும்; நிறைந்த வாளியோடு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கவேண்டும். கூலிக் கணக்கில் மரமும் உண்டு, பாலும் உண்டு. நடந்த நடை எதிலும் சேர்வதில்லை.

அந்த நடையின் பாரம் விழுவது பாதத்தின் அடியில். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லில் கட்டிய நாண்போல் ஒரு தசைநார்ப் பட்டை ஓடுகிறது. ஓயாத நடை, நெடுநேர நிற்பு, உடற்பருமன், இறுகிய கெண்டைக்கால், மெத்தையில்லாத செருப்பு ஆகியவற்றால் அது குதிகாலோடு சேருமிடத்தில் நைந்து நோகிறது. காலையில் படுக்கையை விட்டு முதல் அடி வைக்கும்போது குத்துவதும், நாலு எட்டு நடந்ததும் தணிவதும், வேலை முடியும் நேரத்தில் மறுபடி தலைகாட்டுவதும் இவ்வலியின் அடையாளம். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பு முள்போல் வளர்ந்திருப்பதைக் கண்டு சிலர் கலங்குகின்றனர். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு; அதற்காகக் கத்தி வைக்கவேண்டும் என்று அஞ்சவேண்டியதில்லை.

வைத்தியம் எளிது, பொறுமைதான் அரிது. படுக்கையைவிட்டு எழுமுன் கால் விரல்களைக் கையாலோ துண்டாலோ தன்பக்கம் இழுத்துப் பிடித்துப் பத்து முறை செய்க. பிறகு சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிடம் நிற்க. மறு காலுக்கும் அப்படியே. மாலையில் தண்ணீர் உறைந்த பாட்டிலைப் பாதத்தின் கீழ் வைத்துப் பத்து நிமிடம் உருட்டலாம். கோடாலித் தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கும், ஆனால் நைந்த நார் அதனால் கூடிவிடாது. விடாமல் செய்தால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவையின்றியே குணமாகிறது.

பூட்ஸைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் பாட்டன்மார் வெறுங்காலோடு காடு சென்றனர். கொக்கிப்புழு அவர்தம் பாதத்தோல் வழியே புகுந்து இரத்தத்தைக் குடித்தது. ஆகவே பூட்ஸைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. ஆனால் தட்டையான அடியும் பொருந்தாத அளவும் கொண்ட பூட்ஸ் புழுவைத் தடுத்தாலும் குதிகாலைக் காக்காது. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் அளவு பார்த்து வாங்குக. உள்ளே மெத்தென்ற அட்டை வைக்க இடம் இருக்கவேண்டும். காலுறை தினமும் காய்ந்ததாக இருக்கட்டும். ஈரக் காலுறையில்தான் சேற்றுப்புண் குடியேறுகிறது. (போடுமுன் கவிழ்த்துத் தட்டவும் மறவாதீர், தேளுக்கும் பூட்ஸ் பிடிக்கும்.)

வலிக்கிற காலைவிட வலிக்காத கால் ஆபத்தானது என்றால் சிலர் சிரிக்கலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அது உண்மை. 2019-இல் நடந்த தேசிய ஆய்வில் நம் நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் காணப்பட்டது. இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நாற்காலியில் அமர்ந்து எழுதும் கிராணிமாரும் இதற்கு விலக்கல்லர். நாளடைவில் நரம்பு மரத்துப்போகும். முள் ஏறியதும் தெரியாது, கல் அறுத்ததும் தெரியாது. புண் புரையோடி, காலையே எடுக்கும்படி ஆகிறது. இவர்கள் இரவுதோறும் கண்ணாடி வைத்தாவது பாதத்தின் அடியைப் பார்க்கவேண்டும். எருக்கிலையும் சுட்ட செங்கலும் கொண்டு ஒத்தடம் கொடுப்பது இவர்களுக்கு ஆகாது. வெந்தாலும் உணர்வு இராது. கால் ஆணியை உளியால் சீவிக்கொள்ளும் பழக்கத்தை இன்றே விடுக. சிறு புண்ணானாலும் உடனே கிளினிக்கிற்குச் செல்லவேண்டும்.

"போனால் அரை நாள் கூலி போகுமே" என்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 14 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் கூலியோடு மருத்துவ விடுப்பு உண்டு. முறைப்படி டாக்டரிடம் சோதித்துச் சான்று பெறவேண்டும். அச்சோதனைச் செலவு முதலாளியுடையது. முக்கியமான ஒன்று: விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குச் சொல்லிவிட வேண்டும், அல்லது சொல்ல முயலவேண்டும். சான்று இருந்தும் சொல்லாதிருந்தால், அனுமதியின்றி நின்றதாகக் கணக்காகும். இங்கே கிராணிமாரை ஒன்று கேட்கிறோம். சான்று கொண்டுவருபவர் பெயருக்கு எதிரே செக்ரோலில் 'வரவில்லை' என்று போடாதீர்கள். உங்கள் பேனாவின் ஒரு கோடு அவர் வீட்டு அரிசி.

1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி பாதுகாப்புக்காக முதலாளி கொடுக்கவேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது. அப்படியிருக்க, பூட்ஸுக்குச் சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறதா? எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்களா? பெண்களின் காலுக்குப் பொருந்தும் அளவு கிடைக்கிறதா? கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்திலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டு, கால் அளவோடு பட்டியல் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்து, ஒரு நகலை நமக்கும் அனுப்புமாறு வேண்டுகிறோம்.